கம்பெனி கவிழ்ந்தால் பாலிசிக்கு யார் பொறுப்பு?

(புதுக்கோட்டையில் வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2017ஆம் ஆண்டின் கடைசியில் உங்களில் பலருடைய கைபேசிக்கு ஒரு செய்தி வந்திருக்கும். வங்கி திவாலானால் நம் டெபாசிட்டை எடுத்துத் தன் கடனை அடைத்துக்கொள்ளும், அதற்கு டெல்லியில் சட்டம் தயாராகிறது என்று. அனுப்பியவருக்கும் அந்தச் சட்டத்தின் பெயர் தெரியாது, படித்தவருக்கும் தெரியாது. பீதி மட்டும் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது.

நிதித் தீர்வு மற்றும் வைப்புத்தொகைக் காப்பீட்டு மசோதா என்பது அதன் பெயர். 2017 ஆகஸ்ட் 10 அன்று மக்களவையில் வைத்தார்கள். வம்பெல்லாம் 52ஆம் பிரிவில். கவிழும் நிலைக்கு வந்துவிட்ட நிதி நிறுவனம் பிறருக்குத் தர வேண்டியதைக் குறைத்து எழுதலாம், பணத்துக்குப் பதிலாகப் பங்காகவும் மாற்றிக் கொடுக்கலாம் என்றது அந்தப் பிரிவு. காப்பீடு உள்ள டெபாசிட் தொகைக்கு இது பொருந்தாது என்று மசோதாவிலேயே எழுதியிருந்தார்கள். அதை யார் படித்தார்கள்? வங்கி ஊழியர் சங்கங்கள் எதிர்த்தன, எதிர்க்கட்சிகள் எதிர்த்தன, மசோதா நாடாளுமன்றக் கூட்டுக்குழுவில் கிடந்தது. 2018 ஆகஸ்டில் அரசே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

எதிர்த்தவர்களை நான் குறை சொல்ல வரவில்லை. 52ஆம் பிரிவு அந்த உருவத்தில் சட்டமாகியிருந்தால் ஆபத்துதான். ஆனால் அந்த மசோதா வங்கிகளுக்கு மட்டும் எழுதப்பட்டதல்ல. காப்பீட்டு நிறுவனங்களும் அதற்குள் இருந்தன. ஒரு நிறுவனம் நலிவடையத் தொடங்கும்போதே அதை ஐந்து படிகளில் வகைப்படுத்திக் கண்காணிப்பது, கடைசிப் படிக்கு வந்தால் தனி அமைப்பு ஒன்று அதைத் தன் கையில் எடுத்து வேறு நிறுவனத்திடம் ஒப்படைப்பது, கலைக்க நேர்ந்தால் பாலிசிதாரர் எந்த வரிசையில் நிற்பார் என்று சொல்வது, எல்லாம் அதில் இருந்தன. அடமானக் கடன் கொடுத்தவர்களுக்கும் தொழிலாளர் சம்பளத்துக்கும் பின்னால், வெறுங்கடன் கொடுத்தவர்களுக்கு முன்னால் என்பது பாலிசிதாரரின் இடம். அது சரியான இடமா என்று வாதாடியிருக்கலாம். வாதாடவே இல்லை. டெபாசிட்டைப் பற்றிப் போட்ட கூச்சலில் பாலிசியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. மசோதா போனபோது அந்த ஏற்பாடும் சேர்ந்து போயிற்று.

இதில் எனக்கு ஆறாத ஒன்று உண்டு. நாம் 52ஆம் பிரிவைப் பார்த்து அலறிக்கொண்டிருந்த அதே நேரத்தில், நடைமுறையில் உள்ள 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தில் 61ஆம் பிரிவு சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது. அது என்ன சொல்கிறது தெரியுமா? காப்பீட்டு நிறுவனம் கலைப்பில் இருந்தாலோ நொடித்துப்போனாலோ, அது எழுதிக்கொடுத்த பாலிசிகளின் தொகையைக் குறைத்து உத்தரவிடத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. பத்து லட்சத்துக்குப் பாலிசி எடுத்தவருக்கு ஆறு லட்சம் என்று எழுதினால் ஆறு லட்சம்தான். வராத சட்டத்துக்குப் பயந்தோம். இருக்கிற சட்டம் நம் கண்ணில் படவில்லை.

அந்த 1938 சட்டம் பிறந்த கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதில் நம் ஊர்க்காரர் ஒருவரும் வருகிறார்.

1906 அக்டோபரில் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி கதவைச் சாத்தியது. வெள்ளைக்காரன் கம்பெனி, அசையாது என்று நம்பிப் பணம் போட்டிருந்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள். நம்மவர்களுக்கென்று ஒரு வங்கி வேண்டும் என்று வி. கிருஷ்ணசாமி ஐயர் போன்றவர்கள் முனைந்து, 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது. அதே 1906இல்தான் சென்னையில் யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டுக் கம்பெனியும் தொடங்கப்பட்டது. சுதேசி இயக்கம் சூடாக இருந்த காலம். நாடெங்கும் காப்பீட்டுக் கம்பெனிகள் மழைக்காளான் போல முளைத்தன, அதே வேகத்தில் மறையவும் செய்தன. அதைப் பார்த்துத்தான் 1912இல் முதல் சட்டம் வந்தது. போதவில்லை. 1937இல் வைஸ்ராய் சபையின் சட்ட உறுப்பினர் என்.என். சர்க்கார் விரிவான மசோதா ஒன்றை மத்திய சட்டசபைக்குக் கொண்டுவந்தார். அந்தச் சபையில் காங்கிரஸ் கட்சியின் முன்வரிசையில் இருந்தவர் நம் திருமயத்தில் பிறந்த தீரர் சத்தியமூர்த்தி. அந்த மசோதா சட்டமாகி, 1939 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. எத்தனையோ திருத்தங்களோடு இன்றும் அதுதான் அடிப்படைச் சட்டம்.

சட்டம் வந்ததும் கம்பெனிகள் யோக்கியமாகிவிட்டனவா? இல்லை. 1956 ஜனவரி 19 அன்று ஆயுள் காப்பீட்டை அரசு எடுத்துக்கொள்வதாக நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக் வானொலியில் அறிவித்தபோது ஒரு கணக்கையும் சொன்னார். அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் 25 ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிகள் கலைப்புக்குப் போயிருந்தன. இன்னொரு 25 கம்பெனிகள் கையிருப்பைக் கரைத்துவிட்டு வேறு கம்பெனிகளிடம் தஞ்சம் புகுந்திருந்தன. நஷ்டம் பாலிசிதாரருக்கு. அதற்கு ஒரு மாதத்துக்கு முன்புதான் பெரோஸ் காந்தி மக்களவையில் எழுந்து, பாலிசிதாரர் பணத்தை டால்மியா குழுமம் எப்படிக் கையாண்டது என்று பிரித்து மேய்ந்திருந்தார். 1956 செப்டம்பர் 1 அன்று எல்ஐசி பிறந்தது. 245 அமைப்புகளை ஒன்றாக்கி, ஐந்து கோடி ரூபாய் முதலீட்டில்.

சென்னை அண்ணா சாலையில் எல்ஐசி கட்டடத்தை அண்ணாந்து பார்க்காதவர் நம்மில் கிடையாது. அதைக் கட்டத் தொடங்கியவர் நம் எல்லைக்கு அந்தப் பக்கம் கானாடுகாத்தானில் பிறந்த எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார், யுனைடெட் இந்தியா கம்பெனிக்காகத்தான். அவர் 1954இல் விமான விபத்தில் போய்விட்டார். கட்டடம் முடிவதற்குள் கம்பெனியும் அரசுடைமையாகிவிட்டது. 1959இல் திறந்தபோது வாசலில் எல்ஐசி பெயர்.

இது ஒரு கிளைக்கதை. நமக்கு வேண்டியது எல்ஐசி சட்டத்தின் 37ஆம் பிரிவு. எல்ஐசி தருகிற எல்லாப் பாலிசிக்கும் அதில் எழுதிய தொகையையும், அறிவித்த போனஸையும் பணமாகக் கொடுக்க மத்திய அரசு உத்தரவாதம் என்று அந்தப் பிரிவு சொல்கிறது. 2022இல் எல்ஐசி பங்குகள் சந்தைக்கு வந்த பிறகும் அந்தப் பிரிவு இருக்கிறது.

வங்கியிலும் இதே போலத்தான், அடிபட்ட பிறகே சட்டம். 1960இல் கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் வங்கி மூழ்கியது. மறுவருஷமே டெபாசிட் காப்பீட்டுக் கழகச் சட்டம் வந்தது. முதலில் ஆளுக்கு 1,500 ரூபாய் வரை. 1993இல் ஒரு லட்சம். பிஎம்சி கூட்டுறவு வங்கி முடங்கி, வாசலில் வாடிக்கையாளர்கள் அழுததைத் தொலைக்காட்சியில் நாம் பார்த்த பிறகு, 2020இல் ஐந்து லட்சம். 2021இல் இன்னொரு திருத்தம்: வங்கியில் பணம் எடுக்கத் தடை விதித்தால் 90 நாளுக்குள் அந்தத் தொகையைக் கொடுத்தாக வேண்டும். இதற்கான பிரீமியத்தை வங்கிதான் கட்டுகிறது, நூறு ரூபாய் டெபாசிட்டுக்கு வருஷத்துக்கு 12 காசு வரை. வாடிக்கையாளர் ஒரு பைசா கட்ட வேண்டாம்.

இப்போது கேளுங்கள். வங்கி டெபாசிட்டுக்கு ஒரு சட்டம் உண்டு, ஐந்து லட்சம் உண்டு. எல்ஐசி பாலிசிக்கு 37ஆம் பிரிவு உண்டு. 2000க்குப் பிறகு வந்த தனியார் காப்பீட்டு நிறுவனத்தில் பாலிசி எடுத்தவருக்கு? அந்த நிறுவனம் மஞ்சள் கடுதாசி கொடுத்தால் கைகொடுக்கத் தனி நிதி எதுவும் இந்தச் சட்டப் புத்தகத்தில் இல்லை.

நான் நுகர்வோர் வழக்குகள் நடத்துகிறவன். ஆலங்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார்கள். கணவர் போய்ச் சில மாதங்கள் ஆகியிருந்தன. மஞ்சப்பையிலிருந்து நாலு காகிதத்தை எடுத்து மேசையில் வைத்து, "தம்பி, இதுல எது தேறும், எது தேறாதுன்னு மட்டும் சொல்லிடுங்க" என்றார்கள்.

முதலாவது எல்ஐசி பாண்டு. நாலாக மடித்து மடித்து மடிப்பில் எழுத்து போயிருந்தது. நாமினி பெயரில் இனிஷியல் தப்பு. அது சரிசெய்யக்கூடிய தப்பு. தேறும் என்றேன்.

இரண்டாவது பளபளப்பான ஃபைல். தனியார் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் பாலிசி. பக்கம் பக்கமாக ஆங்கிலம். வங்கிக்கு டெபாசிட் போடப் போன மனிதரிடம், இதுவும் டெபாசிட் மாதிரிதான், வட்டி கூட என்று சொல்லித் தலையில் கட்டியிருக்கிறார்கள். ஐந்து வருஷம் கட்ட வேண்டியதில் ஒரு தவணைதான் கட்டியிருந்தார். அந்தத் தவணைக் காலத்துக்குள்ளேயே இறந்ததால் பாலிசி உயிரோடு இருந்தது. இதுவும் தேறும், ஏனென்றால் அந்த நிறுவனம் இன்று நன்றாக இருக்கிறது என்றேன். "நல்லா இல்லாமப் போனா?" என்று கேட்டார்கள். படித்தவர்கள் கூடக் கேட்காத கேள்வி.

மூன்றாவது, ஊர் சொசைட்டியில் போட்ட டெபாசிட் ரசீது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தைத்தான் நம் பக்கம் சொசைட்டி என்கிறோம். பலரும் அதையும் வங்கி என்றே நினைக்கிறார்கள். மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியில் போட்டால் ஐந்து லட்சம் காப்பீடு பொருந்தும், சொசைட்டிக்குப் பொருந்தாது. அந்தச் சங்கம் ஒழுங்காக நடக்கிறது, பணம் வந்தது. அது சங்கத்தின் நாணயம். சட்டத்தின் பாதுகாப்பு அல்ல.

நாலாவதுதான் பார்க்க எல்லாவற்றையும்விட அழகாக இருந்தது. ஓரத்தில் தங்க நிறக் கரை, நடுவில் மினுங்கும் முத்திரை, மேலே பாண்டு என்று பெரிய எழுத்து. மாதம் ஆயிரம் வீதம் கட்டினால் ஆறு வருஷத்தில் மொத்தமாகத் தருவோம், நடுவில் இறந்தால் விபத்துக் காப்பீடும் உண்டு என்று வாசகம். எங்கே தேடியும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண் இல்லை. வசூலித்தவர் சொந்தக்காரப் பையன். அலுவலகம் பூட்டி ரொம்ப நாளாயிற்று. அது காப்பீடே இல்லை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது.

நாலு காகிதம், நாலு விதமான சட்டம். ஒரே மஞ்சப்பை.

நாலாவது காகிதத்துக்கும் சட்டம் இல்லாமல் இல்லை. 1990களில் தமிழ்நாட்டில் ஃபைனான்ஸ் கம்பெனிகள் வரிசையாகக் கவிழ்ந்தபோது, 1997இல் முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது தமிழக அரசு. ஏமாற்றிய நிறுவனத்தின் சொத்தையும், நடத்தியவர்களின் சொத்தையும் முடக்கி, சிறப்பு நீதிமன்றம் மூலம் விற்று, பணம் கட்டியவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது அதன் வழி. மாநில அரசுக்கு இப்படிச் சட்டம் போட அதிகாரம் உண்டா என்று வழக்குப் போட்டுப் பார்த்தார்கள். 2011இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்புக் கொடுத்தது. 2019இல் மத்திய அரசும் ஒழுங்குபடுத்தப்படாத டெபாசிட் திட்டங்களைத் தடை செய்து சட்டம் போட்டது. நல்ல சட்டங்கள்தான். ஆனால் முடக்கிய சொத்து விற்றுப் பணம் கைக்கு வருவதற்குள் கட்டியவரின் பேரன் கல்லூரிக்குப் போய்விடுகிறான். கட்டிய தொகை முழுதாக வருவதும் அபூர்வம்.

இந்த மாவட்டத்தில் 1991, 92இல் அறிவொளி இயக்கம் நடந்தது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம். கல் உடைக்கிற பெண்களும் வயல் வேலைக்குப் போகிற பெண்களும் எழுத்துக் கூட்டிப் படித்து, சைக்கிள் ஓட்டிக் காட்டினார்கள். கைநாட்டு வைத்தவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். அதே பெண்களிடம் இன்று ஆங்கிலப் படிவத்தை நீட்டிப் பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். திரும்பக் கைநாட்டுக் காலத்துக்கே கொண்டுபோய் விடுகிற வேலை இது. இதைக் கோபத்தோடுதான் சொல்கிறேன்.

சரி, இரண்டாவது காகிதத்துக்கு வருகிறேன். இன்றைய பேச்சே அதைப் பற்றித்தான்.

சட்டம் அங்கே ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அநியாயம். கவிழாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு பலமாகவே இருக்கிறது. 1938 சட்டத்தின் 10ஆம் பிரிவுப்படி ஆயுள் பாலிசிதாரர்களின் நிதி தனியாக இருக்க வேண்டும்; அது அவர்களுக்கே உரிய ஈடு; வேறு செலவுக்குத் தொடக்கூடாது. அந்தப் பணத்தை வெளிநாட்டில் முதலீடு செய்யக்கூடாது. கொடுக்க வேண்டிய பொறுப்புக்கு மேல் எவ்வளவு உபரி வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. அதில் ஒன்றரை மடங்கு எப்போதும் கையில் இருக்க வேண்டும் என்பது ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. 2008 செப்டம்பரில் அமெரிக்காவில் ஏஐஜி நிறுவனம் தள்ளாடி, அந்த நாட்டு மத்திய வங்கி 8,500 கோடி டாலர் கடன் கொடுத்துத் தூக்கி நிறுத்தியபோது, இங்கே அதன் கூட்டு நிறுவனத்தில் பாலிசி வைத்திருந்தவர்களுக்கு வயிற்றைக் கலக்கியது. ஒன்றும் ஆகவில்லை. காரணம், இங்கே வசூலித்த பணம் இங்கேயே இருந்தது.

ஆயுள் பாலிசிதாரர்களுக்குக் கேடு வருகிற விதத்தில் நிறுவனம் நடந்தால், அதே 1938 சட்டத்தின் 52ஏ பிரிவின்படி நிர்வாகி ஒருவரை நியமித்து நிறுவனத்தை எடுத்துக்கொள்ளலாம். இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல, நடந்திருக்கிறது. 2017 ஜூனில் சகாரா இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுவனத்துக்கு ஆணையம் நிர்வாகியை நியமித்தது. புதுப் பாலிசி விற்கத் தடை போட்டது. ஜூலையில், அதன் வியாபாரத்தை ஐசிஐசிஐ புருடென்ஷியலுக்கு மாற்றச் சொன்னது. சகாரா மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போய் அந்த உத்தரவை உடைத்தது. ஐந்து வருஷத்துக்கு மேல் ஓடியது. 2023 ஜூன் 2 அன்று மறுபடி உத்தரவு, இந்த முறை எஸ்பிஐ லைஃப் நிறுவனத்துக்கு. சுமார் இரண்டு லட்சம் பாலிசிகள். இரண்டு வாரம் ஆகவில்லை, அதற்கும் தீர்ப்பாயம் தடை விதித்தது.

சகாரா சரியா ஆணையம் சரியா என்பது என் பேச்சல்ல. மேல்முறையீடு செய்வது நிறுவனத்தின் உரிமை. நான் கேட்பது, அந்த இரண்டு லட்சம் பேர் எங்கே போவது? தவணையைத் தொடர்ந்து கட்டுவதா, நிறுத்தினால் பாலிசி லேப்ஸ் ஆகுமே, சரண்டர் செய்தால் பாதிகூடத் தேறாதே, முதிர்வு வந்தால் யாரிடம் கேட்பது? வங்கி டெபாசிட்டுக்கு 90 நாள் என்று கெடு வைத்த நாடாளுமன்றம், பாலிசிதாரருக்கு ஒரு கெடுவும் வைக்கவில்லை. திவால் சட்டத்திலும் அவருக்கு வழி இல்லை. 2016ஆம் ஆண்டுத் திவால் சட்டம் நிதி நிறுவனங்களை வெளியே வைத்தது. 2019 நவம்பரில் பெரிய வங்கியல்லாத நிதி நிறுவனங்களை மட்டும் உள்ளே கொண்டுவந்தார்கள், காப்பீட்டு நிறுவனங்களை அல்ல. அப்படி உள்ளே வந்த முதல் நிறுவனமான டிஹெச்எஃப்எல்லில் பெருந்தொகை டெபாசிட் போட்ட முதியவர்கள் நாலில் மூன்று பங்கை இழந்தது வேறு கதை.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அரசு நிறுவனம் என்றால் எல்லாவற்றுக்கும் 37ஆம் பிரிவு இருப்பதாக நினைக்காதீர்கள். அது எல்ஐசிக்கு மட்டும். வண்டிக்கும் வீட்டுக்கும் மருத்துவத்துக்கும் பாலிசி தருகிற பொதுத்துறை நிறுவனங்களில் நேஷனல், ஓரியண்டல், யுனைடெட் இந்தியா மூன்றும் அந்த ஒன்றரை மடங்குக் கணக்கை எட்டாமல் பல வருஷம் தவித்திருக்கின்றன. அரசு கைவிடாது என்பது நம் நம்பிக்கை. எழுத்தில் இல்லை.

வெளிநாட்டில் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கலாம். 1971 மார்ச்சில் பிரிட்டனில் வெஹிக்கிள் அண்ட் ஜெனரல் என்ற நிறுவனம் கவிழ்ந்தது. மலிவு பிரீமியத்துக்கு ஆசைப்பட்டு அந்த நாட்டின் வாகன ஓட்டிகளில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் அதில் பாலிசி எடுத்திருந்தார்கள். ஒரே நாளில் அத்தனை வண்டிக்கும் இன்ஷூரன்ஸ் இல்லை. 1975இல் பாலிசிதாரர் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள். கவிழாத நிறுவனங்கள் சேர்ந்து போடுகிற நிதியிலிருந்து, கவிழ்ந்த நிறுவனத்தின் பாலிசிதாரருக்குப் பணம். சட்டப்படி கட்டாயமான காப்பீட்டுக்கு முழுத்தொகை. மற்றதில் பெரும்பாலானவற்றுக்குத் தொண்ணூறு சதவீதம். அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் இப்படியொரு உத்தரவாத அமைப்பு. 1992இல் ஆண்ட்ரூ புயல் ஃபுளோரிடாவை அடித்தபோது, ஒரே நேரத்தில் எல்லோரும் க்ளெய்ம் கேட்டதில் சிறு நிறுவனங்கள் பல படுத்துவிட்டன. உத்தரவாத அமைப்புதான் கொடுத்தது.

புயல் என்றதும் உங்களுக்கு 2018 நவம்பர் 16 நினைவுக்கு வரும். கீரமங்கலம், கொத்தமங்கலம், வடகாடு எல்லாம் கஜா சாய்த்த தென்னைகள். மரத்துக்கு அதிகம் போனால் பதினான்கு ரூபாய் பிரீமியம், அதிலும் முக்கால் பங்கு மானியம் என்று தென்னைக் காப்பீட்டுத் திட்டம் அப்போதே இருந்தது. எடுத்தவர்கள் சொற்பம். எல்லோரும் எடுத்திருந்தால் நல்லது. எல்லோரும் எடுத்து, ஒரே நாளில் எல்லோரும் கேட்கிறபோது நிறுவனம் தாங்குமா என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான்.

லண்டனும் ஃபுளோரிடாவும் தூரம். ஜெகதாப்பட்டினத்துக் கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கை. அங்கே 2000ஆம் ஆண்டு 43ஆம் இலக்கக் காப்புறுதித் தொழில் ஒழுங்குபடுத்தும் சட்டத்திலேயே காப்புறுதிதாரர் பாதுகாப்பு நிதியம் என்று ஒன்றை வைத்துவிட்டார்கள். நம்மைவிடச் சின்ன நாடு, நம்மைவிடப் பணக் கஷ்டம் பட்ட நாடு.

இப்படி நிதி வைத்தால் நிறுவனங்களுக்குக் குளிர்விட்டுப் போகும், மக்களும் தரம் பார்க்காமல் மலிவாகக் கிடைக்கிற இடத்தில் பாலிசி எடுப்பார்கள் என்று ஒரு வாதம் உண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் வங்கி டெபாசிட்டுக்கும் இதே வாதம் பொருந்துமே. அங்கே ஐந்து லட்சம் என்று ஒரு எல்லை வைத்துச் சமாளிக்கவில்லையா? பாலிசிக்கும் ஒரு எல்லை வையுங்கள். நலிந்த நிறுவனத்திடம் நிதிக்கான சந்தாவைக் கூடுதலாக வாங்குங்கள். நல்ல நிறுவனம் எதற்குக் கெட்ட நிறுவனத்துக்காகக் கட்ட வேண்டும் என்பது அடுத்த வாதம். ஒரு நிறுவனம் கவிழ்ந்தால் ஊரே இன்ஷூரன்ஸ் வேண்டாம் என்று ஓடும். அப்போது நல்ல நிறுவனத்தின் கடையும் காலியாகும். அதற்காகத்தான்.

இதை இப்போது பேசக் காரணம் இருக்கிறது. 2000இல் காப்பீட்டில் அந்நிய முதலீடு 26 சதவீதம் வரை என்று தொடங்கினார்கள். 2015இல் 49, 2021இல் 74. 2025 டிசம்பரில் காப்பீட்டுச் சட்டங்களைத் திருத்தி நூறு சதவீதமாக்கிவிட்டார்கள். இனி இந்தியப் பங்காளியே இல்லாமல் முழுக்க வெளிநாட்டு நிறுவனம் இங்கே ஆயுள் பாலிசி விற்கலாம். அந்தத் திருத்தத்தில் பாலிசிதாரர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதி என்று ஒன்று இடம்பெற்றிருப்பதை மறைக்க விரும்பவில்லை. பெயர் நன்றாக இருக்கிறது. ஆனால் நிறுவனம் கவிழ்ந்தால் ஆளுக்கு இன்ன தொகை, இத்தனை நாளுக்குள் என்று டெபாசிட் காப்பீடு போல உரிமையாகக் கேட்கக்கூடிய வாக்குறுதி அதில் இல்லை. வெறும் விழிப்புணர்வுச் சுவரொட்டி ஒட்டி முடிகிற நிதியாக அது போய்விடக்கூடாது.

2000க்குப் பிறகு வந்த தனியார் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் எதுவும் இதுவரை கலைப்புக்குப் போய்ப் பாலிசிதாரர் நடுத்தெருவில் நின்றதில்லை. ஆணையத்துக்கு அந்தப் பெருமை உண்டு. ஆனால் ஆயுள் பாலிசி இருபது, முப்பது வருஷ வாக்கு. இன்று இருபத்தைந்து வயதில் அறந்தாங்கியில் பாலிசி போடுகிற பையனுக்கு அது முதிரும்போது வயது ஐம்பத்தைந்து. அதுவரை எந்த நிறுவனம் எப்படி இருக்கும் என்று யார் சொல்ல முடியும்?

சட்டம் வருகிறவரை நீங்கள் செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. பாலிசித் தாளின் அடியில் ஆணையத்தின் பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். எல்ஐசிக்கு அது 512. எண் இல்லாத தாள் காப்பீடு அல்ல, தங்கக் கரை போட்டிருந்தாலும் அல்ல. பாலிசி கைக்கு வந்த முப்பது நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கலாம். வங்கியில் டெபாசிட் என்று சொல்லி விற்றிருந்தால் அந்த முப்பது நாளை விட்டுவிடாதீர்கள். சந்தேகம் இருந்தால் 155255 என்ற எண்ணில் ஆணையத்தையே தமிழில் கேட்கலாம். க்ளெய்மை மறுத்தால் சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார், கட்டணம் கிடையாது. ஆனால் நிறுவனமே நொடித்தால் அவராலும் பணத்தை உண்டாக்க முடியாது.

அதற்குச் சட்டம்தான் வேண்டும், சட்டம் நாடாளுமன்றத்தில்தான் வரும். 2008 தொகுதிச் சீரமைப்பில் புதுக்கோட்டை மக்களவைத் தொகுதி ஒழிக்கப்பட்டது. அந்த வருத்தம் நமக்கு இன்னும் ஆறவில்லை. மாவட்டத்தைப் பிய்த்துத் திருச்சிக்குக் கொஞ்சம், சிவகங்கைக்குக் கொஞ்சம், ராமநாதபுரத்துக்கும் கரூருக்கும் கொஞ்சம் என்று கொடுத்துவிட்டார்கள். அதனால் இன்று இந்த ஒரு மாவட்டத்துக்காரர்கள் நாலு உறுப்பினர்களுக்கு மனு எழுதலாம். பாலிசிதாரருக்கு டெபாசிட் காப்பீடு போல ஒரு உத்தரவாத நிதி வேண்டும், நிறுவனம் முடங்கினால் பணம் தர 90 நாள் கெடு வேண்டும், 61ஆம் பிரிவில் பாலிசியைக் குறைப்பதற்கு ஒரு எல்லை வேண்டும். இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி, கையெழுத்து வாங்கி, நால்வருக்கும் அனுப்புங்கள். எழுதிக் கொடுக்கச் சொன்னால் நான் எழுதித் தருகிறேன்.